பதினைந்து வெள்ளித் தாய்ப்பலகை

எனக்கு வயது 68. ரப்பர் தோட்ட அலுவலகத்தில் 24 ஆண்டுகள் கிராணியாக இருந்து செக்ரோல் எழுதிய கை இது. கணக்கில் ஒரு காசு பிசகினாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, “கிராணி கணக்கைத் தின்னுட்டாரு” என்று நாலு பேர் பேசும்படி ஆகிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? சுண்டுவிரல் நுனி அளவுள்ள நான்கு சிறு குப்பிகள்!

அந்தக் குப்பிகளால் நான் பட்ட பாட்டையும், 15 வெள்ளிக்கு வாங்கிய ஒரு பழைய பலகை என் மானத்தைக் காப்பாற்றிய விதத்தையும் இங்கே சொல்கிறேன். வீட்டில் பழைய கணினி வைத்திருக்கும் வாசகர்களுக்கு உபயோகப்பட்டாலும் படலாம்.

நிதியும் கணினியும்

எங்கள் தோட்டம் கெடாவில், சுங்கைப்பட்டாணிக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. ‘இருந்தது’ என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது. 2003ஆம் ஆண்டு தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்தார்கள், லயங்களை இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் தமான் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் ஜனங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், புக்கிட் மெர்த்தாஜாம், பட்டர்வொர்த் என்று திசைக்கொருவராய்ப் போய்ச் சேர்ந்தார்கள்.

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தப்புச் சத்தம் கேட்டதும் எல்லா லயமும் கூடிவிடும். பட்டணத்து அடுக்குமாடியில் ஏழாம் மாடியில் ஒருவர் கண்ணை மூடினால் எட்டாம் மாடிக்குத் தெரிவதில்லை. பிணத்தை எடுக்கப் பணமும் இல்லாமல், ஆளும் இல்லாமல் இரண்டு குடும்பங்கள் தவித்ததைக் கண்ட பிறகுதான், 2007இல் பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடி ஒரு மரண சகாய நிதி தொடங்கினோம். ஆளுக்கு மாதம் 5 வெள்ளி சந்தா. உறுப்பினர் இறந்தால், அவர் எழுதிக்கொடுத்த வாரிசிடம் 2,000 வெள்ளி. அதுவும் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே சேர்ந்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. உறுப்பினர்கள் 268 பேர். கணக்கு எழுதும் பொறுப்பு, சொல்லவே வேண்டாம், என் தலையில்.

அந்த வருடமே ஒரு கணினி வாங்கினோம். கடைக்காரர் பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. விண்டோஸ் எக்ஸ்பி, பென்டியம் டூவல் கோர் புரோசசர், புள்ளி எழுத்து அச்சு இயந்திரம் ஒன்று. சங்கக் கணக்குக்கென்றே எழுதிய ஒரு மென்பொருளையும் 450 வெள்ளி கொடுத்து வாங்கினோம். அதைக் களவாகப் பிரதி எடுக்க முடியாதபடி ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். கணினியின் பின்புறம், அச்சு இயந்திரத்தின் தடித்த வயர் சொருகும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு கட்டை. அது இருந்தால்தான் கணக்கு திறக்கும். பிறகு மென்பொருள் விற்றவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டை மட்டும் எங்களோடு இருந்தது.

16 வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது என்று கேள்விப்பட்டபோதும் நான் கவலைப்படவில்லை. அதை இணையத்தோடு இணைத்தால்தானே ஆபத்து? எங்கள் கணினி வெளி உலகம் அறியாத குலமகளாகக் கூடத்து மூலையில் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்கு குப்பிகள்

2023ஆம் ஆண்டு தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். சில மாதங்களாகவே கணினி ஒரே அழுத்தில் எழுந்திருப்பதில்லை. இரண்டு மூன்று தடவை விசையை அழுத்தவேண்டும். சில சமயம் தானே அணைந்து தானே எழும். வயதானால் எனக்கும் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விசிறி மட்டும் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு ‘பீப்’ சத்தம்கூட இல்லை.

அதற்கு மறுநாள் மண்டோர் வீட்டு அண்ணன் இறந்துபோனார்.

அவருக்கு முதல் தாரத்தில் ஒரு மகன். முதல் மனைவி காலமான பிறகு மறுமணம் செய்துகொண்டார். துக்க வீட்டிலேயே மகன் என்னிடம் வந்தான். “மாமா, பாரத்துல அப்பா என் பேரத்தான் போட்டாரு. நான் பக்கத்துலயே இருந்தேன்” என்றான். அண்ணியோ, “இல்லீங்க கிராணியாரே, பிறகு வந்து எம் பேருக்கு மாத்துனாரே, மறந்துட்டீங்களா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாற்றியதாக எனக்கும் லேசாக ஞாபகம். ஆனால் ஞாபகத்தை வைத்துக்கொண்டு பணத்தைப் பட்டுவாடா செய்ய முடியுமா? 2007இல் எழுதிய காகிதப் பாரங்களைக் கறையான் தின்று வெகுகாலம் ஆகிறது. மற்றதெல்லாம் கணினியில். மாதா மாதம் நான் பிரதி எடுத்து வைத்தது உண்மை. அந்தப் பிரதியும் அதே மென்பொருளுக்குத்தான் வாய் திறக்கும் என்பதை அதுவரை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

“கணினி கெட்டுப்போச்சாம். ஆள் செத்த நேரம் பாத்து எப்படிக் கெடும்?” என்று யாரோ கேட்டாராம். பேச்சு வாட்சப்பில் ஏறியது. மறுநாள் என் மனைவி சந்தையிலிருந்து முகம் வாடித் திரும்பினாள்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்காவின் பேரன் போலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறான். சேதி சொன்னதும் மோட்டார் சைக்கிளில் வந்து பெட்டியைத் திறந்தான். “சின்னத் தாத்தா, இங்க பாருங்க” என்று கைவிளக்கைக் காட்டினான். புரோசசர் பக்கத்தில் சிறு பீப்பாய் போல வரிசையாக நிற்கும் குப்பிகள். மின்சாரத்தைத் தேக்கிச் சீராகக் கொடுக்கிற மின்தேக்கிகள் அவை. தலை தட்டையாக இருக்கவேண்டும். நாலுக்குத் தலை புடைத்திருந்தது. ஒன்றிலிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் கெட்டு வாயுவானால் இப்படி ஊதிவிடுமாம். 2000ஆம் ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பல கணினிகள் தரமில்லாத மின்தேக்கிகளால் இப்படிச் செத்தன என்று அவன் விளக்கினான்.

“ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்கு. கணக்கு எங்கேயும் போகல” என்றான். அந்தச் சொல் காதில் தேனாய் விழுந்தது. கழற்றித் தன் மடிக்கணினியில் ஒரு வயர் வழியாக மாட்டிக் காட்டினான். கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. திறந்தால் புரியாத கிறுக்கல்! பூட்டுக்கட்டையை மாட்டலாமென்றால் புது மடிக்கணினியில் அதற்கான வாசலே கிடையாது. கடையில் விற்கும் மாற்று வயரை வாங்கிச் சொருகினோம். அச்சு இயந்திரம் அதில் ஓடியது. பூட்டுக்கட்டையை மட்டும் அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

டிவி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் புடைத்த குப்பிகளை மாற்றிப் பார்த்தார். இந்தப் பலகை ஒரே தகடு அல்ல. பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. செம்புப் படலம் சூட்டை இழுத்துக்கொள்வதால் ஈயம் எளிதில் உருகவில்லை. சூட்டைக் கூட்டியபோது ஒரு கம்பித்தடம் பெயர்ந்து வந்துவிட்டது. “மன்னிச்சுக்கங்க அண்ணே” என்றார். பாவம், அவர் என்ன செய்வார்? மாற்றுப் பலகை தேடுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

ஐந்து பொருத்தம்

கணினியின் எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய பலகைக்குத் தாய்ப்பலகை என்று பெயர். மதர்போர்ட் என்றால் எல்லாருக்கும் தெரியும். கடைக்குப் போய் ‘ஒரு தாய்ப்பலகை கொடுங்கள்’ என்று கேட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். பேரன் சிரித்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து விஷயங்களை எழுதிக் கொடுத்தான். பெண் பார்க்கப் போகிறவன் ஜாதகக் கட்டத்தை மடித்துச் சட்டைப்பையில் வைப்பதுபோல வைத்துக்கொண்டேன்.

முதல் பொருத்தம் இருக்கை. எங்கள் புரோசசரின் அடியில் 775 புள்ளிகள். அதே 775 முள் கொண்ட இருக்கையில்தான் உட்காரும். 2004இல் வந்த அமைப்பு அது. அதற்குப் பின் வந்தவை வேறு வேறு. இருக்கை ஒத்துப்போனாலும் அந்தப் புரோசசரை அந்தப் பலகை ஏற்குமா என்று செய்தவர்களின் பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ரேம். எங்களுடையது டிடிஆர்2 ரகம். டிடிஆர்3க்கும் அதே 240 தொடுமுனைகள்தான், அதே நீளம்தான். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தினால் உடையுமே தவிர உட்காராது.

மூன்றாவது, பருமன். எங்கள் பெட்டிக்குப் பக்கத்துக்கு 24.4 சென்டிமீட்டர் உள்ள சதுரப் பலகை. பெரிய நிறுவனங்களின் பெயரோடு வரும் கணினிகளில் திருகு ஓட்டைகளும் வயர் முனைகளும் தனி விதமாக இருப்பதுண்டு. எங்களுடையது கடையில் கட்டியது என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

நான்காவது, வாசல். பூட்டுக்கட்டை மாட்ட, பின்புறத்தில் 25 துளை உள்ள பழைய அச்சு வாசல் இருந்தே ஆகவேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம் என்று பேரன் இரண்டு கோடு போட்டிருந்தான். ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் சில்லு பழைய பலகையில் என்ன இனமோ அதே இனமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எக்ஸ்பி பாதியில் நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். எங்கள் பலகையில் இருந்தது இன்டெல் 945ஜி. அதோடு சேர்ந்த துணைச்சில்லு ஐசிஎச்7. பின்னால் வந்த ஜி31 பலகைகளிலும் அதே ஐசிஎச்7 உண்டு. “ஜி31 கிடைச்சா விடாதீங்க தாத்தா” என்றான்.

சுங்கைப்பட்டாணியில் ஐந்து கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் சிரித்தார்கள். ஒரு கடைப்பெண் மரியாதையாக, “அங்கிள், இந்த வயசு போர்டு எங்க ஸ்டோர்லகூட கிடையாது. புதுசு வாங்கிடுங்க” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. புதுசு வாங்க எனக்கும் ஆசைதான். புதுசால் என் பூட்டைத் திறக்க முடியாதே!

மூன்றாம் நாள் காலை ரயிலேறிக் கோலாலம்பூர் போனேன். புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1999இல் திறந்த நாளிலிருந்து கணினிக்காரர்களின் கோயில் அது. மாடி மாடியாக ஏறினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்கோடு மின்னும் தாய்ப்பலகைகள். ஒன்றின் விலை 1,800 வெள்ளி! என் காகிதத்தைக் கண்ட ஓர் இளைஞர் மட்டும் நின்று படித்தார். “பழைய சாமான் வேணும்னா பழைய சாமான் கடைக்கே போங்க, அங்கிள். கிலோ கணக்குல வாங்குறவங்ககிட்ட கேளுங்க” என்றார். அன்று நான் செலவழித்த ரயில் காசுக்கு அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்.

இதற்கிடையே பேரன் இணையத்தில் ஒன்றைத் தேடி 120 வெள்ளிக்குச் சொல்லி வைத்திருந்தான். படத்தில் எல்லாப் பொருத்தமும் இருந்தது. ஒன்பதாம் நாள் பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே வேறு பலகை. ரேமை வைத்துப் பார்த்தேன், வெட்டு இடம் ஒத்துவரவில்லை. டிடிஆர்3! படத்தில் இருக்கும் பெண் ஒருத்தி, மணவறையில் உட்கார்ந்தவள் வேறொருத்தி என்ற கதைதான். திருப்பி அனுப்பினோம்.

காரியத்துக்கு ஏழு நாள்தான் இருந்தது. மகன் தொலைபேசியில், “மாமா, எத்தனை நாளைக்கு இந்தக் கதை?” என்றான். குரலில் மரியாதை குறைந்திருந்தது.

லோரோங் கூலிட்

ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே பேரனோடு பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறிப் பினாங்கு போனேன். ஜார்ஜ் டவுனில், நகர அரங்கை ஒட்டிய லோரோங் கூலிட் காலைச் சந்தை, பழைய சாமானுக்குப் பேர்போனது. பழைய காசு, கடிகாரம், இரும்புப்பெட்டி, பாட்டுத்தட்டு என்று தரையில் பரப்பியிருப்பார்கள். அங்கே இல்லாத பொருள் உலகத்தில் இல்லை என்பார்கள்.

ஒரு சீனக் கிழவர் தார்ப்பாயின்மேல் பழைய கணினிப் பாகங்களைக் குவித்து வைத்திருந்தார். தாய்ப்பலகைகள் விறகுக் கட்டுபோலக் கயிற்றால் கட்டிக் கிடந்தன. அதில் இருக்கும் தங்கப் பூச்சைப் பிரித்தெடுக்கிறவர்களுக்கு எடைபோட்டு விற்பாராம். நானும் பேரனும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டை அவிழ்த்தோம். பலகையின் பெயரும் ரகமும் சொருகுவாய்களுக்கு நடுவே சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும். துணியால் தூசியைத் துடைத்துத் துடைத்துப் படித்தோம். ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து...

“தாத்தா!” என்றான் பேரன். ஜி31. இருக்கை 775. டிடிஆர்2. பின்னால் 25 துளை வாசல். குப்பிகளின் தலையெல்லாம் சப்பாணி போட்டதுபோலத் தட்டை. என் கை நடுங்கியது.

கிழவர் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். “ஆனே, இனி காக்கி பெங்கோக். தா போலே பாக்காய்” என்றார். கால் வளைந்துவிட்டது, உபயோகமில்லை என்கிறார். இருக்கையைக் காட்டினார். 775 முட்களும் அந்தப் பலகையில் இருக்கைக்குள்தான் இருக்கின்றன, தலைமயிர்போல மெல்லியவை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, விளைந்த நெல்வயலில் மாடு புகுந்த மாதிரி ஒரு மூலையில் கொஞ்சம் சாய்ந்து கிடந்தன.

பேரன் முகம் வாடியது. வேறு பலகை தேடினோம், இல்லை. கடைசியில் 30 வெள்ளி என்றவர் தானாகவே 15 வெள்ளிக்கு இறங்கினார். தேறாத சரக்கை அதிக விலைக்கு விற்க அவருக்கு மனம் வரவில்லை போலும். வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் பதில் கிடையாது. வெறுங்கையோடு பெர்ரி ஏற மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அக்காவின் ஊசி

பேரனை விட்டுவிட்டுப் போகலாமென்று பட்டர்வொர்த்தில் அக்காவின் வீட்டுக்குப் போனோம். பேரன் சாப்பாட்டு மேசையில் பலகையை வைத்து, கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினான். ஐந்து முள் வளைந்திருந்தன. குண்டூசியை எடுத்துத் தொடப்போனான், கை ஆடியது.

“என்னடா பண்ற?” என்று கேட்டுக்கொண்டே அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். அவளுக்கு வயது 70. படத்தைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். “நவுரு” என்றாள்.

வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. அதே வருடம் இன்டெல் நிறுவனமும் அங்கே ஆலை வைத்தது. அடுத்தடுத்து வந்த மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு எங்கள் தோட்டங்களிலிருந்தும் கம்போங்குகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் போனார்கள். 1974இல் என் அக்காவும் போனாள். வயது 21. அவள் வேலை செய்தது அங்கிருந்த வேறொரு தொழிற்சாலை. மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டவைக்கும் வேலை. எட்டு மணி நேரமும் நுண்ணோக்கியில் கண். அவள் அனுப்பிய காசில்தான் நான் ஐந்தாம் பாரம் வரை படித்தேன். ‘அக்கா பேக்டரியில் வேலை செய்கிறாள்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேனே தவிர, என்ன வேலை என்று அத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் விசாரித்ததில்லை.

அக்கா முதலில் போய்த் தண்ணீர்க் குழாயைத் தொட்டாள். “சட்டையில உள்ள கரண்டு சாமானுக்கு ஏறக்கூடாது” என்றாள். படிப்புப் படித்த பேரன் வாயைப் பிளந்தான். அவனே அதைச் செய்ய மறந்திருந்தான். பிறகு பத்திரிகை படிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு புத்தகத்தின்மேல் நிறுத்தினாள். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாள். தையல் பெட்டியிலிருந்து ஆகச் சன்னமான ஊசி ஒன்று. முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டாள்.

“ஒரேயடியா நிமுத்தக் கூடாது, முறிஞ்சிரும். கொஞ்சம் தள்ளு, விடு. பாரு. மறுபடி கொஞ்சம். நல்ல முள்ளு எப்படி நிக்குதுன்னு பாத்துக்கிட்டே இது செய்யணும். வரிசை தன்னால சொல்லும்.”

நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் போயிற்று. அக்காவின் கை ஒரு தடவைகூட ஆடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டவள். “இந்தா, பாத்துக்க” என்று எழுந்து மறுபடி அடுப்படிக்குப் போனாள். சாம்பார் அடிப்பிடித்துவிடுமே என்ற கவலை அவளுக்கு.

பேரன் படமெடுத்துப் பெரிதாக்கினான். எல்லா முள்ளும் வயலில் நாற்று நட்டதுபோல ஒரே வரிசை.

என் பழைய பலகையிலிருந்து கழற்றி வந்த புரோசசரின் முதுகைத் துணியால் துடைத்தான். காய்ந்த பசை போனதும் சிறு எழுத்துகள் தெரிந்தன. ரக எண்ணின் பக்கத்தில் ‘மலாய்’ என்று ஐந்து ஆங்கில எழுத்து. மலேசியாவில் கட்டி முடித்தது என்பதற்கான அடையாளம் அது என்றான். இன்டெலுக்குப் பினாங்கிலும் கூலிமிலும் ஆலைகள் இருக்கின்றனவே. 16 வருடமாக என் கூடத்தில் இருந்த பொருள், இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் செய்தது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பேரன் அதைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினான். அக்கா கரண்டியோடு குனிந்து பார்த்தாள். அவள் வேலையை விட்டது 1989இல். இது அவள் கை பட்டதல்ல. ஆனாலும் நீண்ட நேரம் பார்த்தாள். “நாங்க ஒட்டுனது எதுக்குள்ள போவுதுன்னு யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல. இப்பத்தான் பாக்குறேன்” என்றாள்.

மூன்று நாள் கெடு

அன்றிரவே என் வீட்டில் பெட்டியைக் கட்டினோம். பலகையில் நாணயம் போன்ற சிறு பேட்டரி செத்திருந்தது. புதிது ஒன்று மாட்டித் தேதியைத் திருத்தினான் பேரன். தேதி தவறினால் சந்தாக் கணக்கு எல்லாம் தவறிவிடும். விசையை அழுத்தினான். விசிறி சுற்றியது. ஒரு ‘பீப்’! என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். எக்ஸ்பியின் பச்சை வயலும் நீல வானமும் திரையில் விரிந்தபோது, எனக்கு இடித்துத் தள்ளிய எங்கள் லயமே திரும்பி வந்தமாதிரி இருந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் கூடவே வந்தது. கணினியின் பாகங்கள் பெரிதும் மாறிவிட்டன, மூன்று நாளுக்குள் மறுபடி பதிவு செய்யாவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்றது. “பதிவ பிறகு பாக்கலாம். நமக்கு மூணு நாள் போதும் தாத்தா” என்றான் பேரன்.

பூட்டுக்கட்டையை மாட்டினேன். கணக்கு திறந்தது.

புதிய நாடா வாங்கி அச்சு இயந்திரத்தில் மாட்டி, மூன்று நாளும் 268 பேரின் கணக்கையும் அச்சடித்தேன். கறகறவென்று அது அழுததை அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொண்டார்கள். காகிதம் சிக்காமல் என் மனைவி பிடித்துக்கொள்வாள். பேரன் அதையே எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் எடுத்து வைத்தான். மூன்றாம் நாள் இரவு முடித்துக் கணினியை அணைத்துத் துணி போர்த்தினேன்.

காரியத்துக்கு முதல் நாள் மாலை கோயில் மண்டபத்தில் கூடினோம். மண்டோர் வீட்டு அண்ணனின் கணக்கை மகன் கையில் கொடுத்தேன். 2007இல் வாரிசு: மகன். 2012 ஜூலையில் மாற்றம், வாரிசு: மனைவி. அவன் சொன்னதும் உண்மை. அண்ணி சொன்னதும் உண்மை.

அவன் முகம் சிவந்தது. நான் அடுத்த தாளையும் கொடுத்தேன். அது அவனுடைய கணக்கு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அவனுக்கு வேலை போயிற்று. அந்த ஏப்ரல் முதல் மறுவருடம் மே வரை 14 மாதச் சந்தாவுக்கு நேரே, ‘தந்தை செலுத்தினார்’ என்று ஒவ்வொரு வரியிலும் குறிப்பு. மொத்தம் 70 வெள்ளி. ஒரு வருடம் கட்டாவிட்டால் பெயர் நீங்கிவிடும் என்பது எங்கள் விதி. நானே கையெழுத்திட்டு வாங்கிய பணம், எனக்கே மறந்துபோயிருந்தது.

அவன் அந்தத் தாளை வெகுநேரம் படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “சின்னம்மாகிட்டயே குடுத்துடுங்க மாமா” என்றான். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

என்னைப்பற்றிப் பேசியவர்களில் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபமில்லை. 268 பேரின் நம்பிக்கையை ஒரே பெட்டிக்குள், ஒரே பூட்டுக்குள் வைத்தது என் குற்றம்தானே? இப்போது கணக்கு, பூட்டில்லாத சாதாரண அட்டவணையாக மூன்று வீடுகளில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை காகிதத்திலும் அச்சாகிறது. உங்களிடமும் பழைய கணினி இருந்தால் அது ஓடும்போதே இதைச் செய்துவிடுங்கள். தாய்ப்பலகை செத்த பிறகு தேடுவது பெரும்பாடு.

அந்த மாதக் கணக்கை நான் கையாலேயே எழுதினேன். பழைய தாய்ப்பலகை ஒன்று, 15 வெள்ளி. பேட்டரி, 2 வெள்ளி. நாடா, 18 வெள்ளி. அடுத்த வரியில் ‘முள் நேராக்கிய கூலி’ என்று எழுதி, அக்காவைக் கூப்பிட்டு எவ்வளவு போடட்டும் என்று கேட்டேன்.

“கூலியா? ஒதை வாங்குவ” என்றாள்.

தொகைக்கு ஒரு கோடு போட்டேன். வரியை மட்டும் அடிக்கவில்லை. அது கணக்கில் இருக்கட்டும்.